நோரீன் பதிவு செய்த அறை

வெர்னன் ட்ராஸ்க் எதையும் முதல் தடவை கேட்டதும் நம்பியவரில்லை. அதற்காகவே அவருக்கு முப்பத்தொரு வருடம் சம்பளம் கொடுத்தார்கள். ஃப்ளோரிடாவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதம் பார்க்கிற வேலை. புயலில் கூரை போய்விட்டது என்பார்கள். வெர்னன் ஏணி போட்டு ஏறி, ஆணிகள் துருவேறி இருப்பதைப் பார்த்துவிட்டு, இந்தக் கூரை போன வருடமே போய்விட்டது என்று எழுதிக்கொண்டு இறங்குவார். ஒருமுறை ஒரு மீன் உணவகம் எரிந்தபோது மின்கசிவு என்று எல்லாரும் முடித்துவிட்டார்கள். சுவரில் குடும்பப் படங்கள் மாட்டிய ஆணிகள் இருக்கின்றன, தரையில் ஒரு துண்டு கண்ணாடிகூட இல்லையே என்று கேட்டவர் அவர்தான். தீ வருவதற்கு முன்பே படங்கள் பத்திரமாக வெளியேறியிருந்தன. உணவகத்துக்காரர் இரண்டு நாளில் ஒப்புக்கொண்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி ஓய்வு பெறவில்லை. தபால்காரர் பத்து நிமிடம் தாமதித்தால் ஏன் என்று யோசிப்பார். பக்கத்து வீட்டுக்காரர் புதுப் புல்வெட்டும் இயந்திரம் வாங்கினால் எப்படி என்று யோசிப்பார். போர்ட் செயின்ட் லூசியில், ஓய்வு பெற்றவர்கள் மட்டுமே குடியிருக்கும் வளாகத்தில், ஒரு படுக்கையறை வீடு. இந்த யோசனைகளோடு நாற்பத்து மூன்று வருடமாகக் குடும்பம் நடத்திய மனைவி நோரீன். பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை பார்த்தவள். அதிகம் பேசமாட்டாள்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் அவர்கள் கப்பலில் போவார்கள். அந்த வளாகத்தில் பாதிப் பேர் போவார்கள். எவர்கிளேட்ஸ் துறைமுகத்தில் ஏறி, ஒரு வாரம் கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு, வெயிலில் கழுத்துத் தோல் உரிய வீடு திரும்புவார்கள். ட்ராஸ்க் தம்பதிக்கு எப்போதும் நான்காம் தளம், ஜன்னல் இல்லாத உள்ளறை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றால் ஒருவர் கட்டில் மேல் ஏற வேண்டும்.

"சூட்டுங்கிற சொகுசு அறை என்ன பெருசு?" என்று சீட்டாட்ட மேசையில் நண்பர் கஸ்ஸிடம் வெர்னன் வருடா வருடம் சொல்வார். "அதே கப்பல், அதே கடல், அதே இறால். ஏமாறத் தயாரா இருக்கிறவனுக்கு மேல் மாடில ஒரு அறை கட்டி வச்சிருக்கான், அவ்வளவுதான்."

அந்த வருடம் பெட்டியில் கட்டும் சீட்டுகள் தபாலில் வந்தபோது பொன்னிறத்தில் இருந்தன. அறை எண் பன்னிரண்டில் தொடங்கியது.

"நோரீன், சீட்டு மாறி வந்திருக்கு."

"மாறல."

"பன்னெண்டாவது தளம்னு போட்டிருக்கு."

"ஆமா. சூட் போட்டிருக்கேன். எங்க அத்தை வீட்டை வித்ததுல எனக்கு வந்த பங்கு. உன் காசு இல்ல."

"ஏன் போட்ட?"

"தோணுச்சு, போட்டேன்."

தோணுச்சு என்ற காரணத்தை வெர்னன் தன் வாழ்நாளில் எந்த அறிக்கையிலும் ஏற்றுக்கொண்டதில்லை. இவள் ஒரு காபி வடிகட்டிக்கே மூன்று கடை ஏறி இறங்குகிறவள். அப்படிப்பட்டவள் ஒரே வீச்சில் இவ்வளவு செலவழிக்கிறாள் என்றால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. நோயாக இருக்குமோ என்றுதான் முதலில் பயந்தார். அவள் குளிக்கும்போது மருந்து அலமாரியைத் திறந்து ஒவ்வொரு குப்பியாகப் படித்தார். ரத்த அழுத்த மாத்திரை, முழங்கால் வலிக்கு ஒரு களிம்பு. புதிதாக எதுவும் இல்லை.

சமையலறை நாட்காட்டியில் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி இருந்தது. அடுத்த செவ்வாயன்று நோரீன் கடைக்குப் போகிறேன் என்று வண்டியை எடுத்ததும், வெர்னன் கஸ்ஸின் வண்டியை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனார். அவள் கடைக்குப் போகவில்லை. பொது நூலகத்தின் வண்டி நிறுத்தத்தில், ஒரு மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வண்டியைக் கிளப்பி, கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரமும் அதேதான். யாருக்காகவோ காத்திருக்கிறாள், அவன் வரவில்லை என்று வெர்னன் குறித்துக்கொண்டார். நோயைப் பற்றிய பயம் போய் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அவளிடம் கேட்கவில்லை. ஆதாரம் கைக்கு வருமுன் கேள்வி கேட்பது அவர் தொழிலில் பெரிய தப்பு.

பிப்ரவரியில் கப்பல் ஏறினார்கள். சூட்காரர்களுக்குத் தனி வாசல், வரிசையே இல்லை. வரிசை இல்லாததும் வெர்னனுக்கு உறுத்தியது. மேலே கூடம் ஒன்று, படுக்கையறை ஒன்று, கடலைப் பார்த்து நீளமான பால்கனி. மேசையில் பழத்தட்டு, பக்கத்தில் பனிக்கட்டிக்குள் ஒரு ஒயின் புட்டி. வெர்னன் குழாய்களைத் திறந்து பார்த்தார். மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். இவர்களைக் கவனிக்கவென்றே ஒரு பட்லர் வந்து நின்றார். பிலிப்பைன்ஸ்காரர், ஐம்பது வயதிருக்கும், பெயர் ரொஹேலியோ.

"எந்த நேரமானாலும் கூப்பிடுங்க சார். பெட்டியைப் பிரிச்சு அடுக்கித் தரவா?"

"வேண்டாம். எங்க பெட்டி எங்களுக்குப் பிரிக்கத் தெரியும்."

ரொஹேலியோ போனதும் வெர்னன் தன் தலையிலிருந்து ஒரு வெள்ளை முடியைப் பிடுங்கி, எச்சில் தொட்டு, பெட்டி மூடியின் இடுக்கில் ஒட்டினார். யாராவது திறந்தால் தெரிந்துவிடும்.

அன்று சாயங்காலம் நோரீன் சொன்னாள்: "உன் குறட்டை ஒரு பக்கம், என் முழங்கால் ஒரு பக்கம். கூடத்து சோபாவைப் படுக்கையா விரிச்சுத் தருவாங்க. நீ அங்க படுத்துக்கோ." உள்ளே போய்க் கதவை மூடினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. வெர்னன் அதையும் குறித்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் சாப்பிட்டு வந்தபோது பட்லர் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க பெட்டி மேல இருந்த முடி, தூசி தட்டுறப்ப கீழ விழுந்திடுச்சு. அதே எடத்துல வச்சிட்டேன்."

நோரீன் இதைக் கேட்டுவிட்டுப் படுக்கையறைக்குள் போனாள். மறுபடியும் தாழ்ப்பாள். மூன்று மணி நேரம் திறக்கவில்லை.

வெர்னன் வேலையில் இறங்கினார். சூட்காரர்களுக்கென்று தனியாக இருந்த சாப்பாட்டு அறையில் பூசணிக்காய் சூப்பைச் சாப்பிட்டுவிட்டு, உடனே மின்தூக்கியில் கீழே இறங்கி, பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்று அங்கேயும் பூசணிக்காய் சூப் வாங்கினார். ஒரே சூப். மேலே கிண்ணம் சின்னது, தட்டு பெரியது. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு வழக்கை ஜெயித்த மாதிரி இருந்தது. நேராக அறைக்கு வந்து நோரீனிடம் சொன்னார்.

"நான் சூப்புக்காக இந்த அறையைப் போடல வெர்னன்," என்றாள் அவள், கடலைப் பார்த்தபடி.

அப்படியானால் வேறு எதற்காகவோ போட்டிருக்கிறாள்.

நான்காம் நாள் காலை, விருந்தினர் உதவி மேசைக்குப் போய், பதிவு விவரத்தில் ஏதோ குழப்பம், பிரதி வேண்டும் என்று கேட்டார். பதிவில் அவர் பெயரும் இருந்ததால் அங்கிருந்த பெண் கேள்வி கேட்காமல் அச்செடுத்துக் கொடுத்தாள். கடைசித் தாளில் பயணியின் கோரிக்கைகள் இருந்தன. தினமும் சோபாவைப் படுக்கையாக மாற்றித் தரவும். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருப்பது திரையா, கதவா? கதவு என்றால் முழுவதும் மூடுமா? உள்ளிருந்து தாழ்ப்பாள் போட முடியுமா? இதே கேள்வியை மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தாள். முதல் கடிதம் ஜூன் மாதத்தில்.

வெர்னன் அந்தத் தாளோடு மாடிப்படியில் உட்கார்ந்தார். நீச்சல் துண்டோடு போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நூலகத்து வண்டி நிறுத்தம், தாழ்ப்பாள், ஜூன் மாதத்துக் கடிதம். தீ வருவதற்கு முன் படங்களைக் கழற்றி எடுத்துப் போகிறவர்களை அவருக்குத் தெரியும். இவள் தன்னை விட்டுப் போகத் தயாராகிறாள் என்று முடிவு செய்து, தாளை மடித்து எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார்.

நோரீன் பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவர் தாளை மேசை மேல் வைத்தார்.

"முழங்கால் வலி உனக்கு அக்டோபர்ல வந்துச்சு. கதவு மூடுமான்னு நீ ஜூன்லயே கேட்டிருக்க."

அவள் தாளைப் பார்த்தாள். "நாலு நாள் ஆயிருக்கு உனக்கு. முன்னெல்லாம் ஒரு நாள்ல கண்டுபிடிப்ப."

"யாரு அவன்?"

"எவன்?"

"நூலகத்துக்கு வராம போனவன்."

நோரீன் சிரிக்க ஆரம்பித்தாள். கோப்பை தளும்பியது, கீழே வைத்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "பின்னாடியே வந்தியா?"

"ரெண்டு வாரம்."

"அங்க யாரும் வர்றதில்ல வெர்னன். யாரும் வராத எடம்னுதான் அங்க போறேன்."

அவள் எதிர் நாற்காலியைக் காலால் தள்ளினாள். உட்கார்ந்தார்.

"நீ கெட்டவன் இல்ல. குடிச்சிட்டு வரல, கை நீட்டல. ஆனா நான் கடைல இருந்து வந்தா ஏன் இருவது நிமிஷம் லேட்டுன்னு கேப்ப. போனைக் கீழ வச்சா யாருன்னு கேப்ப. சும்மா ஜன்னல்கிட்ட நின்னா என்ன யோசிக்கிறேன்னு கேப்ப. ஒண்ணும் யோசிக்கலன்னு சொன்னா நம்ப மாட்ட. நாப்பத்து மூணு வருஷமா நான் சாட்சி சொல்லிட்டு இருக்கேன். ஒரு வாரம் எனக்கு லீவு வேணும்னு தோணுச்சு."

"வீட்லயும் கதவு இருக்கே."

"இருக்கு. நீ தட்டாம திறப்ப."

"இதை எங்கிட்ட சொல்லிருக்கலாமே."

"சொல்லிருந்தா இதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு தேடிருப்ப."

வெர்னன் அடக்க முடியாமல் கேட்டார்: "உள்ள என்னதான் பண்ற, மூணு மணி நேரம்?"

"பாத்தியா," என்றாள் நோரீன். ஆனாலும் பதில் சொன்னாள். "கட்டிலுக்கு நடுவுல படுத்துக்கறேன். ஓரமா இல்ல, நட்ட நடுவுல."

அவருக்குக் கோபம் வந்தது. கட்டிலுக்கு நடுவில் படுக்க இவ்வளவு செலவா என்று சொல்லிவிட்டு வெளியே போய், மேல்தளத்தை ஏழு சுற்று நடந்தார். கோபம் ஐந்தாவது சுற்றிலேயே தீர்ந்துவிட்டது. மீதி இரண்டு சுற்றும், அவள் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினார். தன் பேச்சைத்தான் திரும்பத் திரும்பக் கேட்க நேர்ந்தது. யாரு, ஏன், எங்க, எத்தனை மணிக்கு.

ஆனாலும் பழக்கம் விடுமா? மறுநாள் மதியம் கதவு மூடியதும், வெர்னன் காலணியைக் கழற்றிவிட்டு மெல்ல நடந்து போய்க் கதவில் காதை வைத்தார். சாண்ட்விச் தட்டோடு உள்ளே வந்த ரொஹேலியோ அதைப் பார்த்துவிட்டார். தட்டைச் சத்தமில்லாமல் வைத்தார்.

"ஏதாவது கேக்குதா சார்?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கல."

"நல்ல கதவு சார். நான் வருஷத்துல ஒம்பது மாசம் கப்பல்ல. மீதி மூணு மாசம் ஊர்ல. ரெண்டாவது மாசம் முடியறப்பவே என் பொண்டாட்டி கேப்பா, கப்பல் எப்பன்னு."

"நீ அவளைச் சந்தேகப்பட்டதில்லையா?"

"முதல் பத்து வருஷம் சார். அப்புறம் அடுத்த மாடி கட்டினோம். அவ மேல, நான் கீழ." தட்டின் மூடியைத் திறந்துவிட்டு அவர் போய்விட்டார். இந்த ஆள் தன்னிடம் ஏன் இதைச் சொன்னான், நோரீன் சொல்லச் சொன்னாளா என்று வெர்னன் சாண்ட்விச் தீரும்வரை யோசித்தார்.

ஊர் திரும்பிய வாரம் கஸ் கேட்டார்: "என்ன, சூட்டு எப்படி? கொடுத்த காசுக்குத் தகுமா?"

வெர்னன் சீட்டைக் கலைத்தார். "சூப் ஒண்ணுதான். பழம் ரெண்டாவது நாளே வாடிப்போச்சு. பட்லர் தேவையில்ல." பிறகு, "கதவு நல்லா இருந்துச்சு," என்றார். கஸ்ஸுக்குப் புரியவில்லை. புரியவைக்க வெர்னனும் முயலவில்லை.

வீட்டில் அவர் பெரிதாக மாறிவிடவில்லை. யாரு போனில் என்பது வாய்வரை வரும், பாதி நாள் வெளியேயும் வந்துவிடும். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் நோரீன் வண்டிச் சாவியை எடுத்தால் தோட்டக் குழாயைப் பிடித்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய்விடுவார்.

செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை உணவின்போது, கப்பல் நிறுவனத்தின் விலைப்பட்டியலை அவள் முன்னால் வைத்தார். சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

"ரெண்டு உள்ளறை. தனித்தனியா. ரெண்டும் சேர்ந்தும் சூட்டு விலைல பாதி வராது. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல கதவே கிடையாது, கேட்டுட்டேன்."

நோரீன் ரொட்டியைக் கீழே வைத்தாள். "இதுல உனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு சொன்னா நான் நம்பணுமா?"

அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளின் இரண்டு பக்கத்தையும் படித்தாள். அடியில் இருந்த பொடி எழுத்துக்களை விரல் வைத்துப் படித்தாள். பிறகு, பதிவைத் தானே போன் செய்து போடுவதாகச் சொல்லி, தொலைபேசியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். கதவு மூடியது. வெர்னன் எழுந்து பாத்திரம் கழுவப் போனார், குழாயை வேண்டுமென்றே பெரிதாகத் திறந்துவிட்டு.

பெட்டிச் சீட்டுகள் ஜனவரியில் வந்தன. நோரீனுக்கு நான்காம் தளம். வெர்னனுக்கு ஏழாம் தளம், கப்பலின் மறுகோடி.

அவர் தன் சீட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு எதுவும் கேட்காமல் பெட்டியில் கட்டினார்.