ஆறாம் நாள் ரத்தம்

கால்நடை மருத்துவமனை ஆய்வகத்தில் என் அக்கா இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். மாடு, நாய், கிளி எதிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். ஆமைதான் அவளுக்குத் தண்ணி காட்டும். தலையை உள்ளே இழுத்துக்கொண்டால் கழுத்து நரம்பு கிடைக்க அரை மணி நேரமாகும். அதுவரை கோபித்துக்கொண்ட சம்பந்தியைச் சமாதானம் செய்வதுபோல அதனிடம் பேசிக்கொண்டிருப்பாள்.

அப்போதெல்லாம் ஆமையின் ஓட்டில் பூஞ்சை பிடித்தால், நாய்க்குக் கொடுப்பதுபோல தினமும் வாயில் மருந்து விடுவார்கள். ஓடு தேறும்; சில ஆமைகள் மட்டும் தீனி எடுக்காமல் துவண்டு செத்துப்போகும். எங்கள் வீட்டு ஆமை 'மேனேஜர்' அப்படித்தான் போனது. பதினெட்டு நாள் அக்காவே தன் கையால் மருந்து கொடுத்திருந்தாள்.

மறுவருடம் மருத்துவமனை டாக்டரம்மா, மருந்து ஆமை உடம்பில் எவ்வளவு நாள் தங்குகிறது என்று பார்க்க முடிவு செய்தார். எட்டு வளர்ப்பு ஆமைகளுக்கு ஒரே ஒரு வேளை மருந்து, பிறகு மூன்று நாள் ரத்தப் பரிசோதனை. மூன்றாம் நாளும் மருந்து பாதிகூடக் குறையவில்லை. கருவியில் கோளாறு, நிறுத்திவிடலாம் என்றார் டாக்டரம்மா.

"மேடம், ஒரு கீரைத்தண்டு செரிக்கவே இதுங்களுக்கு நாலஞ்சு நாள் ஆகுது. மருந்த மட்டும் அவசரமா கரைக்குமா? இன்னும் மூணு நாள் பாப்போம்" என்றாள் அக்கா.

ஆறாம் நாள் ரத்தத்திலும் மருந்து இருந்தது. ஈரல் அதை ஆற அமர உடைத்துக்கொண்டிருந்தது. விளக்குச் சூட்டில் கிடந்த ஆமைகளில் கொஞ்சம் வேகமாக, குளிர்ந்த மூலையில் கிடந்தவற்றில் இன்னும் மெதுவாக. தினமும் கொடுத்தால் நேற்றைய மருந்தின்மேல் இன்றைய மருந்து ஏறிக்கொண்டே போகும் என்று அன்றுதான் புரிந்தது.

அன்று மாலை அக்கா செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மேனேஜர நான்தாண்டி கொன்னிருக்கேன்."

"தெரிஞ்சா செஞ்சே?" என்றேன். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

அதன்பிறகு அந்த மருத்துவமனையில் ஆமைக்குப் பல நாள் இடைவெளி விட்டு, சூடு பார்த்துத்தான் மருந்து. எட்டில் ஏழு ஆமைகளை உரியவர்கள் வந்து வாங்கிப்போனார்கள். ஒன்றின் சொந்தக்காரர் வீடு மாறிப் போயிருந்தார். அது எங்களோடு வந்துவிட்டது. ஒன்பது வருடம் இருந்தது. காலையில் சமையலறையின் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கு அது நடந்து முடிப்பதற்குள் நானும் அக்காவும் இரண்டு டம்ளர் காபி குடித்து, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்திருப்போம். தரையில் ஓடு உரசும் அந்தச் சத்தத்துக்கு இப்போதும் சில காலைகளில் என் காது ஏங்குகிறது.