வெல்டர் சொல்லாமல் விட்ட மச்சம்

வெல்டரைப் பொறுத்தவரை படுக்கையில் கிடத்தினால்தான் ஆபரேஷன். மற்றதெல்லாம் சிராய்ப்பு. பட்டறைச் சட்டம் அப்படி. சட்டைக்குள் தீப்பொறி விழுந்தால் உதறிவிட்டு அடுத்த கம்பியைப் பற்றவைக்க வேண்டியதுதான்; வலிக்கிறது என்று வாய் திறந்தவனை அன்று முழுக்க ஓட்டித் தள்ளிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஆள், கதவுச் சட்டம் ஒன்றைத் தூக்கும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் உடம்பில் ரத்தம் பாதிதான். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறது என்பதைக்கூட மனைவிதான் சொன்னாள். உள்ளே எங்கேயோ கசிகிறது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், கீழ் வழியாகவும் விட்டார்கள். இரைப்பை சுத்தம், பெருங்குடலும் சுத்தம். ரத்தம் ஏற்றினால் தேறினார். கொஞ்ச நாளில் மறுபடி வெளிறினார்.

“இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா?” என்று டாக்டரம்மா திரும்பவும் கேட்டார்.

“அதெல்லாம் கிடையாதும்மா.”

மனைவி விடவில்லை. “அப்ப முதுகுல எடுத்தது என்னங்க?”

“அது மச்சம். அதப் போய் இங்க எதுக்குச் சொல்ற?”

“கேக்குறாங்கல்ல, சொல்லுங்க. வாய்க்கும் வெல்டிங் வெச்சுட்டீங்களா?”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சட்டையைத் தூக்கச் சொன்னார். பொறி பட்ட புள்ளிகளுக்கு நடுவே நீளமாக ஒரு தழும்பு. பெரிதாகி, கறுத்து, ரத்தம் வடிந்த மச்சத்தை எடுத்த இடம் அது. வெட்டிச் சோதித்தவர்கள் தோல் புற்றுநோய் என்று சொல்லி, தவறாமல் வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். புண் ஆறியதும் இவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

“அதான் வெட்டி எறிஞ்சாச்சே, அப்புறம் என்னம்மா?”

“அது உள்ள பரவியிருக்கலாம். சிறுகுடலுக்குப் போறது உண்டு. நாங்க விட்ட குழாய் ரெண்டும் அந்த இடத்துக்கு எட்டாது.”

ஸ்கேனில் சிறுகுடலில் கட்டி தெரிந்தது. இன்னும் நீளமான குழாயை விட்டுக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். மச்சத்தில் இருந்த அதே புற்று.

முடிவைச் சொன்னபோது வெல்டர் கேட்டது ஒன்றுதான்.

“கசியுற எடத்த அடைக்க முடியுமா?”

“அந்தத் துண்ட வெட்டி எடுத்துட்டு, ரெண்டு முனையையும் சேர்த்துத் தைப்போம். அதோட முடியாது. வேற எங்க இருக்குன்னு பார்க்கணும், மருந்து ஏத்தணும். நாள் பிடிக்கும்.”

“பிடிக்கட்டும். என்னைக்கு வரணும்னு இவகிட்ட சொல்லுங்க. என்கிட்ட சொன்னா, வேலை இருந்துச்சுன்னு ஏதாவது கதை விடுவேன்.”

மனைவி தன் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.