வெங்காயப் பட்டறைக்கு ஒரு மூக்கு

ஹேக்கத்தான் என்ற சொல்லை முதலில் இருநூறு பிரதி எடுத்தேன், பிறகுதான் படித்தேன். அரியலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்குச் சொற்கள் அப்படித்தான் வந்து சேரும், தாளில், சூடாக, அர்த்தத்துக்கு முன்னால். பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றின் போட்டி. ஊருக்கு உதவும் கருவி ஒன்றை இரண்டு நாளில் செய்து காட்ட வேண்டும். விடிய விடிய நடத்துவதுதான் வழக்கமாம்; கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் என்பதால் இரண்டு பகல்களாக வெட்டியிருந்தார்கள். குழுவுக்கு ஒரு வெளியாள் கட்டாயம் என்றது கடைசி வரி. நாற்பத்தெட்டு வயதிலும் எனக்கு உட்கார்ந்த இடம் கொள்ளாது. போன் செய்துவிட்டேன்.

இரண்டு மாணவிகள் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருத்தி செட்டிகுளம் பக்கம், வெங்காயக்காரர் மகள். இன்னொருத்தி லப்பைக்குடிக்காடு, அவள் அத்தா துபாயில். ஆன்ட்டியா அக்காவா என்று என் முன்னாலேயே குசுகுசுத்து, அக்கா என்று முடிவானது. “வயசக் கொறச்சு வுட்டுருக்கோம், நன்றியோட இருங்க” என்றாள் துபாய்க்காரர் மகள்.

விளையாட்டாகத்தான் வந்திருந்தேன். வெங்காயக்காரர் மகள் அப்படி வரவில்லை. அவர்கள் வயலில் பட்டறை இருந்தது: கல் மேல் மேடை கட்டி, சுற்றிலும் குச்சி ஊன்றி, மேலே கீற்று வேய்ந்து, உள்ளே அடுத்த நடவுக்கான விதை வெங்காயம். போன வருடம் உள்ளுக்குள் அழுகியது வெளியே தெரியவே இல்லை. பிரித்தபோது பாதி தண்ணீர். இந்த வருடமும் மழை சாரலடித்துவிட்டது.

“அப்பா திங்கக்கெழம பிரிச்சுருவோங்குறாரு. அம்மா வுட மாட்டேங்குது. பிரிச்சா விதைக்கு நிக்காதுக்கா, வந்த வெலைக்குத் தள்ளணும். பிரிக்காம வுட்டு அழுவிப்போச்சுன்னா அதுவும் இல்ல” என்றாள். உள்ளே என்ன நடக்கிறது என்று பிரிக்காமலே தெரிய வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

துபாய்க்காரர் மகள் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பெட்டியைச் செய்தாள். காற்றில் கலந்த ஆவியை மோப்பம் பிடிக்கும் சின்ன உலோகக் குமிழ், எண் காட்டும் திரை, எண் ஏறினால் கீச்சிடும் ஒலிப்பான். சாக்கு மூடிய மூன்று வாளி வெங்காயத்தில், ஒன்றின் அடியில் மட்டும் ஒரே ஒரு அழுகலைப் புதைத்தோம். நான் முகர்ந்தேன், மூன்றும் எனக்கு ஒன்றுதான். பெட்டி மூன்றாவது வாளியில் கத்தியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நேற்றுவரை ஏதோ எலக்ட்ரானிக்ஸ் கடையில் தூங்கிய பொருளுக்கு இன்று மூக்கு முளைத்துவிட்டது.

மறுநாள் நடுவர்கள் முன் செய்து காட்ட வேண்டும். வாசலிலேயே துபாய்க்காரர் மகள் எங்களை மறித்து, அத்தா அனுப்பிய செண்ட்டை எங்கள் இருவர் மேலும் தன் மேலும் தாராளமாக அடித்தாள். நாலு பேர் முன்னால் மணக்காமல் போகக் கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ராஜகுமாரிகள் போல உள்ளே நடந்தோம்.

பெட்டியைத் திறந்ததும் கத்தத் தொடங்கியது. எந்த வாளியில் வைத்தாலும் கத்தியது. வெறும் மேசையில் வைத்தாலும் கத்தியது. வெங்காயக்காரர் மகளின் முகம் சுருங்கியது. அவள் பார்த்தது பரிசை அல்ல, திங்கட்கிழமையை. நான் ஏதோ அழகாகப் பேசிச் சமாளிக்க வாயெடுத்தேன். என் பிழைப்பே அதுதானே, கடைக்கு வருபவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும்போது எழுத்திலும் கொஞ்சம் செண்ட் அடிப்பவள்.

துபாய்க்காரர் மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். தன் துப்பட்டாவை முகர்ந்தாள்.

“தப்பு பெட்டிது இல்லைங்க மேடம். எங்களுது. நான்தான் எல்லாருக்கும் செண்ட் அடிச்சு வுட்டேன்.”

சொல்லிவிட்டுப் பின்வாங்கினாள். எண் சற்று இறங்கியது. நாங்களும் பின்வாங்கினோம், மேசையிலிருந்து நாற்காலி வரிசைக்கு, வரிசையிலிருந்து கதவுக்கு, கதவுக்கு வெளியே. ஒவ்வோர் அடிக்கும் எண் இறங்கியது என்று பிறகு சொன்னார்கள். நான் கேட்டது பெட்டி கத்தி ஓய்ந்த நிசப்தத்தைத்தான். ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் மூவரும் மூச்சடக்கி நிற்க, நடுவரம்மா தானே பெட்டியை எடுத்தார். முதல் வாளி, மௌனம். இரண்டாவது, மௌனம். மூன்றாவதில் பெட்டி கத்தியபோது அவர் சாக்கை விலக்கி, அடிவரை கைவிட்டு, அந்த ஒற்றை அழுகலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தான் செய்ததை நிரூபிக்க அதைவிட்டு விலகி நின்ற ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்.

பரிசு வேறு குழுவுக்குப் போனது. எங்களுக்கு பஸ் இருந்தது.

செட்டிகுளம் பக்கம் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. வெங்காயக்காரர் மகள் வீட்டுக்குள் போய்க் குளித்து உடை மாற்றி வந்தாள். நானும் துபாய்க்காரர் மகளும் மணம் போகாமல் தூரத்து வரப்பில் நின்றோம். அவள் குச்சிகளுக்கு இடையே பெட்டியை நுழைத்து, எண்ணை எங்களுக்குக் கத்திச் சொல்லிக்கொண்டே பட்டறையைச் சுற்றினாள். மூன்று மூலையும் அமைதி. நாலாவதில் கீச்சொலி வரப்புவரை கேட்டது. அவள் அப்பா தோள்வரை கையை நுழைத்து, ஈரமாக ஒரு பிடி எடுத்தார். முகர்ந்தார். மனைவியைப் பார்த்தார். அந்த மூலையை மட்டும் அவிழ்த்து, நனைந்ததை வாரி வெளியே கொட்டினார்கள். மீதிக் காய் கிண்ணென்று இருந்தது. திங்கட்கிழமை என்ற பேச்சே பிறகு எழவில்லை.

“அந்தப் புள்ளையள வரச் சொல்லு, டீ ஆறுது” என்றார் அப்பா, மகளிடம்.

வரப்பில் நடந்தோம். நாங்கள் நெருங்க நெருங்க, அவள் கையிலிருந்த பெட்டி மெல்லக் கீச்சிட ஆரம்பித்து, பக்கத்தில் போனதும் தொண்டை கிழியக் கத்தியது. அதை யாரும் அணைக்கவில்லை.