இரண்டாம் பிரதியில் இல்லாதவன்

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோவிலே ஒரு பாடசாலை மண்டபத்தை ஞாயிறு பிற்பகலுக்கு எடுத்து, ஊரிலிருந்து வரும் படங்களைத் திரையிடுவார்கள். இயக்கம் ஆண்டுகொண்டிருந்த நிலத்தில், மின்சாரமே இல்லாத காலத்தில், வீடியோக் கமராவினால் எடுக்கப்பட்ட படங்கள் அவை. நடித்தவர்களிற் பெரும்பாலோர் போராளிகள். கசெற்றுகள் பல கைகள் மாறி எங்களிடம் வந்து சேரும். படம் தொடங்குமுன் சிறிது நேரம் பேசுவது என் பணி. நான் கல்லூரியிற் படித்தவனல்லேன். சினிமாவைப் பற்றித் தமிழிற் கிடைத்தவற்றையெல்லாம் தேடி வாசித்தவன் என்பதனால் அப்பணி என்னிடம் வந்தது.

நான் பேசியது பெரும்பாலும் ஒரே பொருள்தான். ஒரு சமூகம் புரளும்போது, அதன் படங்களில் வரும் பெண்களே முதலில் மாறுகிறார்கள் என்பேன். சென்னையிலிருந்து வந்த படங்களில் சீதனத்துக்கு வழியற்ற பெண் கிணற்றடியில் நின்று அழுவாள்; எங்கள் படங்களில் அவள் மாப்பிள்ளை வீட்டாரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் பயிற்சி முகாமுக்குப் போவாள். கோவிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பதுங்குகுழிக்குள் எல்லோருடனும் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். தாய்மாரின் மாற்றம் இன்னும் பெரியது. அழுவதற்கென்றே படைக்கப்பட்டிருந்த தாய், இப்படங்களில் அழமாட்டாள். இதனைச் சொல்லும்போது மண்டபம் கைதட்டும்.

இப்படங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் எடுத்த பின்னர் களத்தில் மடிந்த நடிகர்களின் உருவப்படங்கள், பெயர்களுடன், தொடக்கத்தில் ஒவ்வொன்றாக வரும். நாங்கள் எழுந்து நிற்போம். ஒரே படத்தின் புதிய பிரதி வரும்போது முகங்கள் கூடியிருக்கும்.

நான் குடியிருந்த வோபர்ன் தொடர்மாடியில் ஒரு தாய் வசித்தார். மகளுடன் கனடாவுக்கு வந்தவர். மகன் வர மறுத்து இயக்கத்துடன் நின்றுவிட்டான். அவன் கதாநாயகனாக நடித்த படம் ஒன்று வந்தது. சனங்கள் கடல்நீரேரியைக் கடந்து தப்பும்வரை தனியே நின்று சுட்டு, கரையில் விழுந்து இறக்கும் பாத்திரம் அவனுக்கு. செய்தி வீட்டுக்குப் போகும். அவனுடைய தாயாக நடித்தவள் உலக்கையை நிறுத்தாமல் அதனைக் கேட்டுவிட்டு, "சனமெல்லாம் போய்ச் சேந்திட்டுதோ?" என்று மாத்திரம் வினவுவாள்.

அந்தக் காட்சியின்போது மண்டபம் திரையை விட்டுவிட்டு, முன்வரிசையிலிருந்த உண்மைத் தாயைப் பார்த்தது. அவரும் அழவில்லை. அழுதால் படத்தைக் கெடுத்தவராவார் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. அன்று முதல் ஒவ்வொரு திரையிடலுக்கும் குத்துவிளக்கேற்றுபவர் அவரே. "கதாநாயகன்ர அம்மா வாறா, வழி விடுங்கோ" என்று ஆண்களே விலகி நிற்பார்கள்.

விளக்குக்காக அவர் வரவில்லை. மகனிடமிருந்து அவருக்கு எந்தத் தகவலும் வருவதில்லை. தொடக்கத்தில் வரும் அந்த உருவப்படங்களே அவருக்குச் செய்தி. மகனுடைய முகம் அங்கே இல்லாவிட்டால் அவன் உயிரோடிருக்கிறான். திரையிடல் முடிந்து குளிர்கோட்டைப் போடும்போது, "இண்டைக்கும் இல்லை, அண்ணை" என்று என்னிடம் தாழ்ந்த குரலிற் சொல்வார். அவர் கனடாவில் மகிழ்ச்சியாக இருந்து நான் கண்ட பொழுதுகள் அவையே.

அடுத்த ஆண்டு, அதே படத்தின் இரண்டாம் பிரதி வந்தது. ஒலியைத் துப்புரவாக்கியிருக்கிறார்கள் என்றார் திரையிடலை நடத்திய இளைஞர். அந்தத் தாய் விளக்கேற்றினார். புதிய முகங்கள் வந்தன, நின்றோம். மகன் அவற்றில் இல்லை. அவர் மூச்சை விட்டு அமர்ந்தார்.

பின்னர் படம் ஓடியது. படத்திலும் அவன் இல்லை.

அவனுடைய தோழன் ஒரு பனைமரத்தைப் பார்த்து வீரவசனம் பேசினான். மறுமொழியில்லை. சனங்கள் நீரேரியைக் கடந்தார்கள், வெடிச்சத்தம் கேட்டது, சுடுபவரைக் காணவில்லை. உலக்கை பிடித்த தாயிடம் ஆட்கள் வந்தார்கள். அவள் அழவில்லை. யாருக்காக அழாமல் நிற்கிறாள் என்பது அந்தப் பிரதியில் விளங்கவில்லை. வெட்டியவரின் கண்ணுக்குத் தப்பிய ஓரிடம் மாத்திரம் இருந்தது. தோழன் தண்ணீர்ப் பேணியை நீட்ட, திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை அதனை வாங்கும். பெருவிரல் நகம் கறுத்த அவனுடைய கை.

மண்டபத்தில் எவரும் எதனையும் கேட்கவில்லை. ஊரில் அந்த ஆட்சியின் கீழ் இருந்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். இறந்தவனுக்கு உருவப்படம் போடுவார்கள். படத்திலிருந்து எடுக்கப்பட்டவன் எந்தப் பட்டியலில் சேர்ந்தவன் என்பதைச் சிறுபிள்ளையும் சொல்லும்.

தேநீர் மேசையருகில் அவரைச் சுற்றி இடைவெளி விழுந்தது. முந்திய திரையிடல்களில் அவருக்கு வடையெடுத்துக் கொடுத்த ஒரு பெண், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"என்னக்கா, உங்கட மோன் நடிப்பை விட்டிட்டாரோ?"

"ஹொலிவூட்டிலை கூப்பிட்டிருப்பினம்" என்றார் பக்கத்தில் நின்றவர். சிரித்தார்கள். ஆறேழு பேர், வாயில் வடையோடு.

அந்தத் தாய் கோப்பையை மேசையில் வைத்தார். "ஓம், கூப்பிட்டிருப்பினம்" என்றார்.

இளைஞர் அவரிடம் வந்தார். "அன்ரி, உங்களிட்டை இந்தப் படத்தின்ர பழைய கொப்பி ஒண்டு கிடக்கெல்லே. கொண்டந்து தாங்கோ. புதுசு தாறம்."

"அது வீடியோ டெக்கிலை சிக்கி அறுந்து போச்சு, தம்பி."

"அறுந்ததெண்டாலும் பரவாயில்லை. கொண்டாங்கோ." பின்னர் என் பக்கம் திரும்பி, அவர் நிற்கும்போதே சொன்னார்: "அங்கிள், அடுத்த முறைக்கு விளக்கேத்த வேறை ஆரையும் பாருங்கோ."

வீடியோக் கடைகளிலிருந்த பழைய பிரதிகளை அந்தக் கிழமையே திரட்டி எடுத்துவிட்டார்கள். அவற்றின்மேல் தொலைக்காட்சி நாடகங்களைப் பதிந்து, அதே கடைகள் மறுபடி வாடகைக்குக் கொடுத்தன.

ஏறத்தாழ ஓராண்டின் பின், அவர் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். மகள் கதவைத் திறந்துவிட்டு, "அங்கிள், நீங்களாவது அம்மாவுக்குச் சொல்லுங்கோ. ஷீ வோன்ற் லிஸின்" என்று கூறி வேலைக்குப் போனாள். தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் வாழையிலைக்குப் பதிலாகக் கடதாசித் தட்டில் சோறும் கறிகளும் படைக்கப்பட்டிருந்தன. விளக்கு எரிந்தது.

"கோவில் ஐயர் திதி கேட்டார், அண்ணை. திதி தெரியாமல் திவசம் செய்யேலாதாம். படம் காட்டின அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னன்."

"அவன் எங்கையாவது இயக்கத்தின்ர சிறையிலை இருக்கலாமே" என்றேன்.

"நீங்கள் படம் விளங்கின ஆள், அண்ணை. எனக்குப் பொய் சொல்லாதேங்கோ. மறிச்சு வைச்சிருக்கிறவனைப் படத்திலையிருந்து வெட்ட மாட்டாங்கள். பிறகு தேவைப்படுமெண்டு வைச்சிருப்பாங்கள்."

அவர் பேசியது சரியாகவே இருந்தது.

"கட்டிடத்திலை எல்லாருக்கும் சொன்னனான்" என்றார். "ஒருத்தரும் வரயில்லை. துரோகிக்குத் திவசமோ எண்டு லிஃப்ற்றுக்குள்ளை வைச்சே கேட்டினம்."

அலமாரியில் சேலைகளுக்கடியிலிருந்து பழைய பிரதியை எடுத்து டெக்கிற் போட்டார். பலமுறை ஓடியதனால் நாடா தேய்ந்து, மகனின் முகத்தின் மேல் வெள்ளைக் கோடுகள் ஓடின. அவன் சுட்டான், விழுந்தான். கரையில் கிடந்த உடலைத் தோழர்கள் தூக்கிச் சென்றார்கள், கொடி போர்த்தினார்கள், பாட்டு ஒலித்தது. அவனுக்கு நடந்த செத்தவீடு அது ஒன்றுதான். அந்தத் தாய் எழுந்து, கற்பூரத்தை ஏற்றித் திரைக்கு முன்னாற் காட்டினார்.

அடுத்த காட்சியில் உலக்கை பிடித்தவள் வந்தாள். "சனமெல்லாம் போய்ச் சேந்திட்டுதோ?" என்றாள்.

"உவளுக்கென்ன" என்று அவர் சொன்னார். "நடிக்க வந்தவள். பின்னேரம் வீட்டை போயிருப்பாள்."

டெக்கை நிறுத்தினார். நிறுத்திய பின்னரே அழத் தொடங்கினார். அயல்வீட்டார் சுவரைத் தட்டும்வரை அழுதார்.

அவர் வீட்டிற் சாப்பிட்டேன் என்ற செய்தி பரவியது. மண்டபத்தில் அதன்பின் வேறொருவர் பேசினார். தாய்மாரைப் பற்றி நான் சொல்லி வந்தவற்றையே அவரும் சொன்னாராம். நன்றாகக் கைதட்டினார்களாம்.