ஒலியை அணைத்துப் பார்த்த படங்கள்

இந்த இரண்டு மாதத்தில் நான்கு படங்கள் பார்த்தேன். அவற்றில் மூன்றைச் சத்தமே இல்லாமல் பார்த்தேன். ஆகவே என் அபிப்பிராயத்தை எவ்வளவு நம்பலாம் என்று எனக்கே தெரியவில்லை.

என் கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. எந்த ஷிப்ட் என்றாலும் பகலில் ஒரு வேளை தூங்கியாக வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில் மிக்ஸி ஓடாது, குக்கர் வைக்க மாட்டேன், டிவியில் ஒலியை முழுக்க அணைத்துவிடுவேன். மகள் பிறந்ததிலிருந்தே இப்படித்தான். அவளுக்குச் சோறு ஊட்டும்போதுகூட ரகசியம் சொல்வதுபோலத்தான் பேசுவேன்.

முதலில் பார்த்தது பேய்ப்படம். சத்தம் இல்லாவிட்டால் பேய் பாவமாக இருக்கிறது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கதவு கதவாகப் போய் நிற்கிறது; யாரும் உட்காரச் சொல்வதில்லை. அடுத்தது நீதிமன்றப் படம். கறுப்பு அங்கி போட்ட இருவரில் யார் நல்லவர் என்பதே பாதிப் படத்துக்குப் பிறகுதான் பிடிபட்டது. வசனம் பிரமாதம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். இருக்கலாம்.

மூன்றாவது, குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போகும் கதை. நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். என்னால் முடிக்க முடியவில்லை. திரையில் அந்தத் தாய் வாய்விட்டுக் கதறுகிறாள், ஒரு சத்தமும் வரவில்லை. மடியில் இருந்த மகளைக் குனிந்து பார்த்தேன். அவள் வாயும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஒரு வயது பத்து மாதம். அழுவாள், சிரிப்பாள். ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏம்மா, கூப்ட்டா திரும்புறாளா? காது கேக்குதான்னு பாத்தியா?" என்று அக்கா கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூப்பிட்டால் சில சமயம் திரும்புவாள், சில சமயம் மாட்டாள். டாக்டர், கடலூரில் காதைச் சோதித்துவிடலாம் என்றார். செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கினோம். பிறவியிலேயே குறையோ, இல்லை சத்தம் காட்டாமல் வளர்த்து நானே கெடுத்துவிட்டேனோ என்று மாற்றி மாற்றி யோசித்தேன்.

அதற்கு முந்தைய ஞாயிறு கணவருக்கு ஆஃப். "வடலூர்ல ஒரு படம் பாத்துட்டு வரலாம் வா. எந்நேரமும் மூஞ்சிய தூக்கி வச்சிகினே இருக்க."

"புள்ளைக்கு அவ்ளோ சத்தம் ஆகுமாங்க?"

"காது கேக்கலன்னு அழுவறதும் நீதான், சத்தம் ஆகாதுங்கறதும் நீதான்."

மதியக் காட்சிக்குப் போனோம். அடிதடிப் படம். முதல் பாதி இழுவை. பாட்டுகள் வேண்டாத இடத்தில் வந்தன. இடைவேளைக்குச் சற்று முன் கதாநாயகனின் அப்பா இறந்துபோகிறார். அவரைக் கட்டிலில் கிடத்தி, சுற்றிலும் ஊரே மாரடித்துக்கொண்டு அழுகிறது. மேளம் காதைப் பிளக்கிறது. மகள் என் மடியில் எழுந்து நின்றாள். மேளம் ஓய்ந்த ஒரு நொடியில் உதட்டில் விரலை வைத்து, திரையைப் பார்த்து அதட்டினாள்:

"உஷ்ஷ்! அப்பா தூங்கு!"

முன்வரிசை ஆள் ஒருவர் திரும்பி, "நல்லா சொல்லு கண்ணு! அந்தாள எழுப்பி வுட்றப் போறாங்க" என்றார். தியேட்டரே சிரித்தது.

"நம்ம புள்ளயாடி பேசுச்சு?" என்றார் கணவர். நான் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி, கதாநாயகனின் அப்பாவுக்காக என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் அவள் வாய் அசைந்தபோது காதை உதட்டருகே வைத்துக் கேட்டேன். வெறும் காற்றாக, "தண்ணி... அம்மா, தண்ணி" என்றாள். எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

செவ்வாய்க்கிழமை கடலூருக்கும் போனோம். போகாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. காதில் ஒரு குறையும் இல்லை. "வீட்ல கொஞ்சம் வாய்விட்டுப் பேசுங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள்.

நேற்று அந்தப் பேய்ப்படத்தைச் சத்தத்தோடு வைத்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. பாவம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

"என்னடி அங்க சத்தம்?" என்றார் உள்ளே படுத்திருந்த கணவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் கத்தினாள்: "பேய்!"

அவர் சிரித்தது கேட்டது. ரிமோட்டை எடுத்த நான், ஒலியைக் குறைக்காமலே கீழே வைத்தேன்.