றஷீனா சேர்த்த ஒரு சொல்

இலங்கையின் மலைநாட்டில், பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில் றஷீனா சிற்றூழியர். வயது நாற்பத்தாறு. படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது, இவைதான் அவருடைய வேலை. ஆனால் வாப்பாவின் பஸார் கடையில் வளர்ந்தவர் என்பதால் சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் மனநல கிளினிக் நடக்கும் செவ்வாய்க்கிழமைகளில், சிங்கள டாக்டருக்கும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு கதிரையைப் போட்டு, மொழிபெயர்க்க அவரை உட்காரவைத்தார்கள். பயிற்சி என்று யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

சென்ற மார்ச்சில் ஒரு நாள், ஹாலிஎல பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சின்னராசா தன் மகள் நிரோஜினியைக் கூட்டிவந்தார். அவளுக்குப் பதினாறு வயது. அதற்கு முந்திய மழைக்காலத்தில் அவர்களுடைய லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்து, பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அவளுடைய சிநேகிதி இறந்துபோனாள். அதன்பிறகு நிரோஜினி பள்ளிக்கூடம் போகவில்லை. பேச்சும் சாப்பாடும் குறைந்துவிட்டன.

"இப்போது மனதில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள்" என்றார் டாக்டர்.

றஷீனா கேட்டார். நிரோஜினி அப்பாவின் கால்களைப் பார்த்தபடி சொன்னாள்:

"போயிரலாம்னு இருக்கு."

அதற்கு முந்திய மாதம்தான் அதே பக்கத்திலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் கொழும்புக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். றஷீனாவின் மனதில் அது இருந்தது. தகப்பன் பக்கத்திலேயே இருக்கிறாரே, பிள்ளைக்கு அடி விழுமே என்ற பயமும் இருந்தது. "எங்க, மகள்? கொழும்புக்கா?" என்று அவராகவே கேட்டார்.

நிரோஜினி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள்.

"கொழும்புக்குப் போக விருப்பமாம்" என்று றஷீனா சிங்களத்தில் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார். பேச்சு கொழும்பைப் பற்றிப் போனது. இரண்டு கிழமை கழித்து வரச்சொல்லி கிளினிக் கொப்பியில் திகதி போட்டுக் கொடுத்தார்.

அடுத்து ஹல்துமுல்லையிலிருந்து ஒரு தாய், ஆறு வயது மகளுடன் வந்தாள். பிள்ளை திடீரென்று படுக்கையில் சிறுநீர் கழிக்கிறாள். வீட்டில் ஏதாவது நடந்ததா என்று டாக்டர் கேட்டார்.

"மாமியா போயிட்டாங்க மிஸ். ஒன்றர மாசம் ஆச்சு."

"மாமியார் இறந்துவிட்டாராம்" என்றார் றஷீனா, ஒரு கணமும் யோசிக்காமல்.

சொல்லி முடித்ததும்தான் அவருக்கு உறைத்தது. அதே சொல். இங்கே மரணம் என்று தானாக விளங்கியது அங்கே ஏன் விளங்கவில்லை?

"டாக்டர், நான் பிழை விட்டுவிட்டேன். கொழும்பு என்று நிரோஜினி சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். போய்விடலாம் என்றுதான் சொன்னாள், அது சாவதையும் குறிக்கும்."

டாக்டர் எழுந்தே விட்டார். கிளினிக் பதிவேட்டிலிருந்த நம்பருக்குப் போன் எடுத்தார்கள். போன் நிறுத்தப்பட்டிருந்தது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் விசாரித்தால், அவர்கள் வந்து போய் அரைமணி நேரமாகிவிட்டதாம்.

றஷீனா ஒரு முச்சக்கரவண்டியை மறித்து ஏறினார். பஸ் ஸ்டாண்டில் தோட்டத்துப் பஸ் இஞ்சினை இயக்கியபடி நின்றது. ஜன்னலோரம் சின்னராசா இருந்தார். பக்கத்து சீட்டில் மருந்துப் பை மட்டும் கிடந்தது.

"மகள் எங்க அண்ணன்?"

"தண்ணி குடிச்சிட்டு வாறேன்னு போனா. ஏங்க மிஸ், என்னாச்சு?"

பதில் சொல்ல றஷீனா நிற்கவில்லை. குழாயடியில் யாரும் இல்லை. பெண்கள் கழிப்பறையில் கூப்பிட்டுப் பார்த்தார், இல்லை. பின்னாலேயே சின்னராசா மகளின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடிவந்தார். ஸ்டாண்டின் மறுகோடியில், மூடிக்கிடந்த ஒரு கடையின் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் தண்ணீர்ப் போத்தல் திறக்கப்படாமல் இருந்தது.

றஷீனா மூச்சுவாங்கக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். தகப்பனைத் தள்ளி நிற்கும்படி கையைக் காட்டினார்.

"மகள், போயிரலாம்னு சொன்னீங்களே. சாகணும்னுதான் சொன்னீங்களா?"

நிரோஜினி போத்தலைப் படியில் வைத்தாள். "கொழும்புன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா. நான் பிழையா சொன்னேன். வாங்க, இந்தத் தரம் நீங்க சொல்றத அப்படியே சொல்றேன்."

பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போனது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும், இந்த முறை டாக்டர் சின்னராசாவை வெளியே இருக்கச் சொன்னார். "பெத்தவன் நான். எனக்குத் தெரியாம என்ன பேச்சு?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் கோபத்தில் சிவந்திருந்தது. "அண்ணன், நீங்க இருந்தா அவ சொல்லமாட்டா. சொல்லாட்டி எங்களுக்கு வழியில்ல" என்றார் றஷீனா. சின்னராசா வெளியே போனார்.

நிரோஜினி சொன்னாள். எப்படி, எப்போது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அன்றே வார்டில் சேர்த்தார்கள். பத்து நாள் அவளைத் தனியே விடவில்லை.

அன்று மாலை டாக்டர் றஷீனாவிடம் சொன்னார்: "நீங்கள் இல்லாமல் என்னால் அவளோடு பேசவே முடியாது. ஆனால் நீங்கள் ஒரு சொல்லைச் சேர்த்தால் எனக்கு அது தெரியவும் தெரியாது." அதன்பிறகு றஷீனா, விளங்காத இடங்களில் எல்லாம், "நீங்க சொல்றது எனக்குச் சரியா விளங்கல்ல, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்கப் பழகிக்கொண்டார்.

ஒன்றுவிட்ட செவ்வாய்களில் நிரோஜினி வந்தாள். ஐந்தாவது தடவை வந்தபோது, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"மண்ணு சரியிறப்ப சிநேகிதி வீட்டுக் கதவ ஒரே ஒரு தடவதான் தட்டினேன். தம்பிய தூக்கிட்டு ஓடிட்டேன்."

றஷீனா அதைச் சிங்களத்தில் சொன்னார். சொல் ஒன்றையும் மாற்றவில்லை. உன் பிழையில்லை என்று டாக்டர் அவசரப்பட்டுச் சொல்லவில்லை. தட்டிய கை இப்போது என்ன சொல்கிறது என்று கேட்டார். நிரோஜினி அன்று முக்கால்மணி நேரம் அழுதாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாளாம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. மழை இருட்டினால் அவளுக்கு இன்னும் மூச்சு முட்டுகிறது. மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள்; விட்டு வரப் பத்து நிமிடம் பிந்தினால் சின்னராசா வேலையைப் போட்டுவிட்டுப் பாதையில் வந்து நிற்கிறார்.

ஆகஸ்டில், மாதம் ஒரு நாள் தமிழ் பேசும் உளவள ஆலோசகர் ஒருவர் வரத் தொடங்கினார். முதல் நாள் றஷீனா வழக்கம்போல உள்ளே போனார். நிரோஜினி தயங்கினாள்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு நான் தனியா பேசவா?"

"பேசுங்க மகள்" என்று வெளியே வந்து, சின்னராசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உள்ள என்ன பேசுறாங்க மிஸ்?"

"தெரியாது அண்ணன்."

இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொற்கள் கேட்கவில்லை. நிரோஜினியின் குரல் மட்டும் இடையிடையே நின்று நின்று, நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.