மடியில் கொண்டுவந்த நூல்

என் மருமகள் சூர்யகலாவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். மாமியார் வாயால் மருமகளை நல்லவள் என்று சொல்லக் கூடாதென்று சட்டம் ஒன்றும் இல்லை. நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்.

போடிப் பக்கம் சிலமலையில் எங்கள் வீடு. விடியுமுன், தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் தங்கபாண்டியின் ஜீப்பு வந்து நிற்கும். மலைமெட்டு ஏறி ஏலத்தோட்டத்தில் இறங்கினதும் அவள் காய் எடுக்கப் போவாள். முழங்கால் போனவள் நான். காய் உலர்த்தும் ஸ்டோரில் உட்கார்ந்து தரம் பிரித்துக் காய் பொறுக்குவேன். ஜீப்பு வளைவில் திரும்பும்போது நான் சரிந்துவிடாமல் இருக்க, என் முந்தியைத் தன் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வாள். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

அவளுக்கு ஒரு குணம். ஏலச்செடித் தூரில் ஒரு சருகு கிடந்தாலும் கை சும்மா இருக்காது. கவாத்து நாளில், காய்ந்த தட்டையையும் தோகையையும் அறுத்து அடியைச் சுத்தம் பண்ணும்போது, மற்றவர்கள் பாதி நிரை முடிப்பதற்குள் இவள் அடுத்த நிரையில் நிற்பாள்.

எங்கள் மலைக்குப் படித்தவர்கள் நிறைய வருவார்கள். ஒருவர் எங்கள் முதுகு எவ்வளவு வளைகிறது என்று அளந்துகொண்டு போனார். இன்னொரு அம்மா, நாங்கள் மலையாளத்தைக் கலந்து பேசுவதைப் போனில் பிடித்துக்கொண்டு போனாள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று திரும்பி வந்து சொன்னவர் யாரும் இல்லை.

போன வருஷம் ஆனியில் மெஹ்ரின் வந்தாள். போடியில் ஏலக்காய் யாவாரம் பண்ணும் குத்புதீன் பாய் மகள். பல்கலைக்கழகத்தில் தேனீயைப் பற்றிப் படிக்கிறாளாம். தேனீ காலையில் வந்தால் அதிகமாகக் காய் பிடிக்குமா, மத்தியானம் வந்தால் பிடிக்குமா என்பது அவள் கேள்வி. தோட்டத்தில் மருந்தடிப்பது காலையில்தான். அந்த நேரம் தேனீயும் வருமென்றால் நேரத்தை மாற்றச் சொல்லலாம் அல்லவா?

அறுபது தூர், ஐந்து நிரை. தூரின் அடியில் பூத்துக் காய்க்கும் காம்புதான் சரம். தூருக்கு இருபது சரம் இருந்தால், பூத்த சரம் இரண்டை மட்டும் வலைப்பைக்குள் போட்டாள். ஒன்றைக் காலையில் மட்டும் திறக்க வேண்டும். அதற்குச் சிவப்பு நூல். இன்னொன்றை மத்தியானம் மட்டும். அதற்கு மஞ்சள் நூல். திறந்து மூடும் வேலை சூர்யகலாவுக்கு. காலையில் மேட்டில் ஏறும்போது சிவப்பைத் திறப்பாள். மத்தியானம் இறங்கும்போது அதை மூடி மஞ்சளைத் திறப்பாள். வீடு திரும்புமுன் அதையும் மூடிவிடுவாள். இருபது நாள் ஆனதும் வலையை எடுத்துவிட்டார்கள். நூல் மட்டும் சரத்தில் இருந்தது. ஆவணி கடைசியில் வந்து காயை எண்ணுவதாகச் சொல்லிவிட்டு மெஹ்ரின் போனாள்.

அதற்குள் கவாத்து வந்தது. மழையில் நனைந்து நூலெல்லாம் மண் நிறமாகிக் கிடந்தது. சூர்யகலா நடு நிரையைச் சுத்தம் பண்ணி முடித்துத் திரும்பிப் பார்த்தால், சருகுக் குவியலில் ஒரு நூல். கிளறினாள். சருகோடு சருகாக அவள் கையே பிய்த்துப் போட்ட பன்னிரண்டு தூர் நூலும் அங்கேதான் கிடந்தது. சரத்தில் ஒன்றுகூட இல்லை.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து மடியை அவிழ்த்து என் முன்னால் கொட்டினாள்.

"அத்தே, அந்தப் புள்ள ஒரு வருசப் படிப்ப நாசம் பண்ணிட்டேன்."

"கத்தாத. நாளைக்கி வெரசாப் போயி ஏதாச்சும் ரெண்டு சரத்துல கட்டிவிட்ரு. எவளுக்குத் தெரியப்போகுது?"

ஆமாம், நான் சொன்னதுதான். இதை விட்டுவிடாமல் எழுது.

அவள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

மெஹ்ரின் வந்த அன்று, ஜீப்பிலிருந்து அவள் இறங்குவதற்குள் சூர்யகலா நூலைக் கையில் கொடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளை அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டது.

"எந்தச் சரம்னு எனக்குத் தெரியும் பாப்பா. இருவது நாளு தெறந்து மூடுன கை."

"ஒங்கள நம்புறேன்க்கா. ஆனா நான் நம்புறேன்னு புஸ்தகத்துல எழுத முடியாதே."

"அப்ப சோதிச்சுப் பாரு."

பக்கத்து நிரையில் நூல் அப்படியே இருந்தது. மெஹ்ரின் போய் ஒவ்வொரு நூலையும் தோகையால் சுற்றி மறைத்தாள். மற்றச் சரங்களிலும் அதேபோல் தோகையைச் சுற்றினாள். ஸ்டோரை விட்டுவிட்டு நானும் போய் நின்றேன். என்னை யார் கேட்பது?

சூர்யகலா கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"வெறுங்கூடைய எதுக்குடீ கட்டுற?" என்றேன்.

"இது இல்லாம காலு ஏறாது அத்தே."

கீழிருந்து ஏறியபடி ஒவ்வொரு தூரிலும் குனிந்து ஒரு சரத்தைத் தொட்டாள். மேலே போய்த் திரும்பி, இறங்கும்போது இன்னொன்றைத் தொட்டாள். மெஹ்ரின் பின்னாலேயே குறித்துக்கொண்டு வந்தாள். பதினொரு தூரில் சரியாக இருந்தது. ஒன்றில் சரம் மாறிப்போயிற்று.

"அந்தப் புள்ளதான் நூல மாத்திக் கட்டிருக்கும்," என்று நான் சண்டைக்குப் போனேன்.

"சும்மா இருங்கத்தே. நாந்தான் தப்பாத் தொட்டேன்."

மெஹ்ரின் அவளுடைய பேராசிரியருக்குப் போன் போட்டுப் பேசினாள். நூல் போன நிரையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுது, மிச்சம் நாற்பத்தெட்டு தூர் போதும் என்றாராம். எனக்குக் கோபம். பதினொன்று சரியாகச் சொன்னவளை நம்பாத படிப்பு என்ன படிப்பு? சூர்யகலாவோ, "படிப்பு பொழச்சுச்சு, அது போதும்," என்று காய் எடுக்கப் போய்விட்டாள்.

இந்தப் பங்குனியில் மெஹ்ரின் திரும்பி வந்தாள். காய் எடுப்பு ஓய்ந்து சூர்யகலாவும் அப்போது ஸ்டோரில்தான் இருந்தாள். ஸ்டோரில் எங்களோடு தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த புத்தகத்தைப் பிரித்தாள். காலையில் திறந்த சரத்தில்தான் காய் அதிகம். தோட்டத்தில் மருந்தடிப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டார்கள். சூர்யகலா நூலைக் கொண்டுவந்து கொடுத்ததையும், பன்னிரண்டில் பதினொன்று சரியாகத் தொட்டதையும் பெயரோடு எழுதியிருந்தாள்.

"நான் சொன்னத எழுதலையா?" என்றேன்.

"நீங்க என்ன சொன்னீங்க பாட்டி?"

சூர்யகலா தலை நிமிராமல் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமும் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

"அத எதுக்கு அத்தே இப்ப?" என்றாள்.

சொன்னேன். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். மெஹ்ரின் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். புத்தகம் அச்சாகிவிட்டதாம், இனிமேல் சேர்க்க முடியாதாம். அதனால்தான் இங்கே எழுதச் சொன்னேன்.

அன்றைக்கு ஜீப்பு இறங்கும்போது முதல் வளைவு வந்தது. என் முந்தி ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.